ஓய்வுக் காலத்தில் முட்டைக்கோழி வளர்ப்பு: நான்கு கோழிகளுடன் தொடங்க முழுமையான வழிகாட்டி

புதிதாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலோர் இடறுவது வரிசையில்தான். முதலில் கோழியை வாங்கிவிடுகிறார்கள், பிறகு அட்டைப்பெட்டியில் அது கத்திக்கொண்டிருக்க, அவசர அவசரமாகக் கூண்டு அடிக்கிறார்கள். அந்த அவசரத்தில் அடித்த கூண்டு உயரம் குறைவாக இருக்கும், காற்று போகாது, குனிந்து குனிந்தே சுத்தம் செய்ய வேண்டிவரும். நாற்பது வயதில் அதைச் சமாளித்துவிடலாம். அறுபதைத் தாண்டினால் மூன்றாவது மாதமே முதுகு கணக்குக் கேட்கும். கீழே சொல்லியிருக்கும் வரிசையில் கோழி ஐந்தாவது இடத்தில்தான் வருகிறது.

1. முதலில் தாளில் தீர்க்க வேண்டியவை

அனுமதி: வீட்டில் கோழி வளர்க்கலாமா, எத்தனை வரை, வேலியிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதை உங்கள் உள்ளாட்சி அமைப்பிடமும் குடியிருப்புச் சங்கத்திடமும் கேட்டுக்கொள்ளுங்கள். சேவல் வேண்டாம். சேவல் இல்லாமலே பெட்டை முட்டையிடும், அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான். அக்கம்பக்கத்துப் புகார்களில் பெரும்பாலானவை சேவல் கூவுவதைப் பற்றியவை.

எண்ணிக்கை: நான்கு. கோழி கூட்டமாக வாழும் பறவை என்பதால் ஒன்றை மட்டும் வளர்க்கக் கூடாது. இரண்டில் ஒன்று இறந்தால் மற்றது தனித்துவிடும். நல்ல முட்டையின நான்கு கோழிகள் உச்சத்தில் இருக்கும்போது வாரத்துக்கு இருபது முட்டைக்கு மேல் தரும். இருவர் வாழும் வீட்டுக்கு அதுவே மிச்சம்.

ஆயுள்: இதைத்தான் யாரும் முன்கூட்டி யோசிப்பதில்லை. முட்டை முதல் ஆண்டில் அதிகம், பிறகு ஒவ்வோர் ஆண்டும் குறையும். கோழியோ ஆறு, ஏழு ஆண்டு, சில அதற்கு மேலும் வாழும். ஆக, முட்டை தரும் காலத்தைவிடச் சும்மா மேயும் காலம் நீளமாக இருக்கலாம். முட்டை நின்ற கோழியை வைத்துக்கொள்வீர்களா, கொடுத்துவிடுவீர்களா, இறைச்சிக்கு அனுப்புவீர்களா? வீட்டில் இருப்பவர்களுடன் இன்றே பேசி முடிவெடுங்கள். பெயர் வைத்த பிறகு இந்தப் பேச்சு கடினம்.

மாற்று ஆள்: நீங்கள் ஊருக்குப் போனால், அல்லது மருத்துவமனையில் இரண்டு நாள் படுத்தால், காலையும் மாலையும் யார் வருவார்? ஒருவர் பெயரும் கிடைக்கவில்லை என்றால் இன்னும் தொடங்க வேண்டாம்.

உடல்நலம்: கோழியின் எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும், கோழி பார்க்க நலமாகவே இருக்கும். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களுக்கும் அது கடுமையாகத் தாக்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் சிறு நகக்கீறலையும் கவனிக்க வேண்டும். மூச்சுக்கோளாறு உள்ளவர்களுக்குக் கூண்டுத் தூசி ஆகாது. மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்பதையும் அப்படியே பார்த்துக்கொள்ளலாம்.

2. இடம்

மூன்று விஷயம் பாருங்கள். மழைநீர் தேங்காத மேட்டு இடம், மதியத்துக்கு மேல் நிழல், வீட்டிலிருந்து வழுக்காமல் நடந்து போகும் பாதை. தண்ணீர்க் குழாய் பக்கத்தில் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

நிழல் ஏன் முக்கியம்? கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். குளிரைவிட வெப்பமே அதை வேகமாகக் கொல்லும். பாதையைச் சொல்வதற்குக் காரணம், அந்த வழியில் தினமும் இருமுறை, மழையிலும் இருட்டிலும், கையில் வாளியோடு நடக்கப்போவது நீங்கள்தான்.

3. கூண்டும் அடைப்பும்

நேரமும் பணமும் இங்கேதான் செலவாக வேண்டும். மற்றதில் தவறினால் திருத்திக்கொள்ளலாம், கூண்டில் தவறினால் பிரித்துத்தான் கட்ட வேண்டும்.

அளவு: இரவில் அடையும் கூண்டுக்குள் கோழி ஒன்றுக்குக் குறைந்தது 4 சதுர அடி, வெளி அடைப்பில் குறைந்தது 10 சதுர அடி. நான்கு கோழிக்கு உள்ளே 16, வெளியே 40. ஆறு கோழிக்குக் கட்டுவதுபோல 24, 60 என்று கட்டிவிடுங்கள். இட நெருக்கடியில்தான் ஒன்றையொன்று கொத்தி இறகு பிடுங்கும் பழக்கம் தொடங்குகிறது. தொடங்கினால் நிறுத்துவது கடினம்.

உயரம்: வெளி அடைப்பு நீங்கள் நிமிர்ந்து நடக்கும் உயரத்தில், குறைந்தது 6 அடி இருக்கட்டும். கதவு 3 அடி அகலம், தள்ளுவண்டி உள்ளே போக வேண்டும். கூண்டின் தரையை நிலத்திலிருந்து இரண்டு, இரண்டரை அடி தூக்கி அமையுங்கள். நின்றபடியே, தரையில் பரப்பிய கூளத்தைச் சுரண்டி வாளியில் தள்ளலாம், அடியில் எலி குடியேறினாலும் கண்ணில் படும். வாசற்படியில் கால் தடுக்கும் கட்டை வைக்காதீர்கள். கடையில் விற்கும் அழகான சிறு மரக்கூண்டுகள் பெரும்பாலும் முழங்கால் உயரம்தான். அவற்றில் எழுதியிருக்கும் கோழி எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துப் படியுங்கள்.

வலை: அறுகோணக் கண் உள்ள மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே நிறுத்தும், பகையை வெளியே நிறுத்தாது. நாய் அதைக் கிழித்துவிடும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) போடுங்கள். எலி, கீரி, பாம்பு எல்லாம் சந்து தேடி வருபவை என்பதால் ஒரு அங்குல இடைவெளியும் விடக் கூடாது. மேலேயும் கூரையிட்டு மூடுங்கள். பருந்து ஒரு காரணம், காட்டுப்பறவைகளின் எச்சம் இன்னொரு காரணம். பறவைக் காய்ச்சல் அந்த வழியாகவும் வரும்.

தோண்டி நுழைவதைத் தடுக்க வலையை மண்ணில் புதைக்கச் சொல்வார்கள். குழி வெட்டத் தேவையில்லை. ஒன்றரை அடி அகல வலையை அடைப்பின் வெளிப்புறம் சுற்றிலும் தரையோடு படுக்கவைத்து, சுவரோடு கட்டி, கற்களை அடுக்குங்கள். விலங்கு சுவர் ஓரத்தில்தான் தோண்டத் தொடங்கும், வலை தட்டியதும் பின்வாங்கி ஓரடி தள்ளித் தோண்ட அதற்குத் தோன்றாது.

தாழ்ப்பாள்: வெறும் கொக்கி போதாது, சில விலங்குகள் தட்டியே திறந்துவிடும். நாதாங்கியில் ஒரு கொக்கி வளையம் கூடுதலாக மாட்டுங்கள். விரல் மூட்டு வலி உள்ளவர்கள் வாங்குமுன் ஒரு கையால் திறந்து பாருங்கள்.

காற்றோட்டம்: கூரைக்குக் கீழே, உட்காரும் கம்புக்கு மேலே, எதிரெதிர்ப் பக்கங்களில் வலை போட்ட திறப்புகள். குளிர்காலத்திலும் இவற்றை அடைக்கக் கூடாது. மூச்சின் ஈரமும் எச்சத்தின் அமோனியாவும் வெளியேறாவிட்டால் சளி பிடிக்கும், கண் எரியும். காலையில் கதவைத் திறந்ததும் உங்கள் மூக்கில் உறைத்தால், தாழ உட்கார்ந்திருந்த கோழிக்கு இரவெல்லாம் உறைத்திருக்கிறது என்று பொருள்.

உட்காரும் கம்பு: இரண்டு அங்குல அகலம், விளிம்பு மழுங்க இழைத்தது. கோழி ஒன்றுக்கு எட்டு முதல் பத்து அங்குல நீளம். கூண்டுத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் போதும். மிக உயரமாக வைத்தால் கனமான கோழி குதித்துக் குதித்து உள்ளங்காலில் புண் வரும்.

முட்டைப்பெட்டி: ஓரடிக்கு ஓரடி, இரண்டு. அவற்றின் அடித்தளம் கம்பைவிடக் கட்டாயம் தாழ்ந்திருக்க வேண்டும். கோழி கிடைப்பதில் உயரமான இடத்தில்தான் உறங்கும். பெட்டி உயர்ந்திருந்தால் அதில் தூங்கி, எச்சமிட்டு, காலையில் அதன் மேலேயே முட்டையும் இடும். பெட்டியைக் கூண்டின் வெளிப்பக்கம் பிதுங்கும்படி வைத்து மேலே மூடி போட்டால், உள்ளே போகாமலே முட்டை எடுக்கலாம். பலரும் செய்யாமல் விட்டுப் பிறகு வருந்தும் சிறு வேலை இது.

4. கோழி வருமுன் வாங்கி வைக்க வேண்டியவை

கூளம்: மரச்சீவல் அல்லது உமி, நான்கு அங்குல ஆழம். மாவு மாதிரியான மரத்தூள் வேண்டாம், தூசி பறந்து கோழிக்கும் உங்களுக்கும் இருமல் வரும்.

தீவனம்: ஒரு கோழி நாளுக்கு ஏறத்தாழ 120 கிராம் தின்னும். நான்குக்கு 480 கிராம், மாதத்துக்குச் சுமார் 15 கிலோ. 50 கிலோ மூட்டை மலிவுதான். ஆனால் அதை யார் தூக்குவது? பிரித்த தீவனம் மாதம் கடந்தால் சத்து குறையும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். சிறு மூட்டை வாங்கி, மூடி இறுக்கமான தகர டப்பாவில் கொட்டுங்கள். பிளாஸ்டிக்கை எலி கடித்துவிடும்.

எந்தத் தீவனம் என்பதில்தான் அதிகக் குழப்பம். முட்டையிடத் தொடங்காத இளங்கோழிக்கு வளர்கோழித் தீவனம். முதல் முட்டை வந்த பிறகு முட்டைக்கோழித் தீவனம், இதில் புரதம் 16 முதல் 18 சதவீதம், கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம். "எப்படியும் முட்டை இடப்போகிறதே" என்று சீக்கிரமே மாற்றினால், ஓடு செய்ய வேலையில்லாத அந்தக் கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள், தேவைப்பட்டது தானே பொறுக்கிக்கொள்ளும். தீவனத்தில் கலந்துவிட்டால் தேவையில்லாததும் விழுங்கும்.

தீவனக்கலன், தண்ணீர்க்கலன்: விளிம்பு கோழியின் முதுகு மட்டத்தில் தொங்கட்டும். தாழ வைத்தால் சீய்த்துச் சிந்தும், சிந்தியது எலியை அழைக்கும். தண்ணீர், கோழி ஒன்றுக்கு நாளுக்குக் கால் லிட்டர், வெயில் காலத்தில் இருமடங்கு. பத்து லிட்டர்க் கலன் ஒன்றைவிட மூன்று லிட்டர்க் கலன் இரண்டு நல்லது. தூக்க எளிது, ஒன்று கவிழ்ந்தாலும் மற்றது இருக்கும்.

இவை தவிர: கூண்டுக்கென்று தனிச் செருப்பு, நீண்ட பிடி உள்ள சுரண்டி, முகக்கவசம், கையுறை, கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண். மருத்துவரிடம் கோழியையும் பார்ப்பாரா என்று இப்போதே கேளுங்கள். எல்லோரும் பார்ப்பதில்லை.

5. கோழி வாங்குதல்

16 முதல் 18 வார வயதுள்ள விடைக்கோழிகளை (இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம்பெட்டைகளை), நான்கையும் ஒரே நாளில், ஒரே இடத்தில் வாங்குங்கள்.

குஞ்சு வாங்க ஆசை வரும். ஒருநாள் குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வர வேண்டும், இரவிலும் எழுந்து பார்க்க வேண்டும். ஆண், பெண் பிரிக்காத குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி சேவல். முட்டைக்கு ஐந்து மாதம் காத்திருக்க வேண்டும். முதல் முறைக்கு இது வேண்டாம்.

பண்ணைகள் கழிக்கும் ஒன்றரை வயதுக் கோழிகள் மலிவாகக் கிடைக்கும். அவையும் முட்டையிடும், ஆனால் உச்சம் முடிந்துவிட்டது, முட்டைக்குழாய்க் கோளாறுகளும் அதிகம். தெரிந்தே வாங்கினால் தவறில்லை.

கையில் எடுத்துப் பாருங்கள். கண் தெளிவாக, நுரை இல்லாமல். மூக்கில் சளி இல்லாமல், மூச்சில் கரகரப்பு இல்லாமல். பின்புற இறகில் எச்சம் ஒட்டாமல். இறக்கைக்கு அடியிலும் ஆசனவாயைச் சுற்றியும் இறகை விலக்கினால் பேன் ஓடக் கூடாது. மார்பெலும்பின் இருபுறமும் சதை இருக்க வேண்டும். கூட்டத்தில் ஒன்று மட்டும் தும்மினாலும் அந்த இடத்தில் எதையும் வாங்காதீர்கள். "இது நல்லா இருக்குதே" என்று பக்கத்துக் கோழியை எடுப்பதும் அதே நோயை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான்.

என்னென்ன தடுப்பூசி, எந்தத் தேதியில் என்று எழுதி வாங்குங்கள். கால், இறக்கையை முடக்கும் மேரக்ஸ் என்ற வைரஸ் நோய்க்குக் குஞ்சு பொரித்தவுடன் போட்டிருக்க வேண்டும், பிறகு போட்டுப் பயனில்லை. வெள்ளைக்கழிச்சலுக்குத் தொடர்ந்து போட வேண்டிவரலாம், அட்டவணையை மருத்துவரிடம் கேளுங்கள்.

6. முதல் வாரம்

மாலையில் கொண்டுவந்து நேராகக் கூண்டுக்குள் விடுங்கள். இருட்டில் அமைதியாக இருக்கும், விடியும்போது கண் திறப்பதே அந்தக் கூண்டில் என்றாகும்.

ஒரு வாரம் கூண்டும் அடைப்பும் தவிர வெளியே விடாதீர்கள். இதுதான் வீடு என்று மனதில் பதிய அந்த நாட்கள் வேண்டும். மறுநாளே தோட்டத்தில் திறந்துவிட்டு, மாலையில் மரத்தடியில் டார்ச்சுடன் நிற்பவர்கள் பலர்.

முதல் சில இரவுகள் கம்பில் ஏறாமல் மூலையில் குவிந்து கிடக்கும். இருட்டிய பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கிக் கம்பில் வையுங்கள். இரண்டு இறக்கைகளையும் உடலோடு அணைத்துப் பிடித்தால் அடிக்காது. கொத்திச் சண்டையிட்டு யார் பெரியவர் என்று தீர்த்துக்கொள்ளும், ரத்தம் வராதவரை தலையிட வேண்டாம். ரத்தம் வந்தால் காயம்பட்டதை உடனே பிரித்தெடுங்கள், சிவப்பைக் கண்டால் மற்றவையும் கூடிக் கொத்தும்.

கொண்டை சிவந்து, கேறத் தொடங்கி, கை நீட்டினால் தரையில் பதுங்கி உட்கார்ந்தால் முட்டை அருகில் வந்துவிட்டது. பெட்டியில் ஒரு பொய்முட்டை வையுங்கள், இடம் புரிந்துகொள்ளும். முதல் முட்டைகள் சிறிதாக, சில ஓடே இல்லாமல் வரும். சில வாரத்தில் சரியாகிவிடும்.

7. அன்றாட வேலை

காலை: கதவைத் திறந்துவிடுங்கள், தண்ணீரைக் கொட்டிக் கழுவி மாற்றுங்கள், தீவனம் போடுங்கள். பிறகு ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். ஓடி வராதது எது, ஒதுங்கி நிற்பது எது என்பதுதான் நோயின் முதல் அடையாளம். கோழி நோயை மறைக்கும், கொண்டை கறுத்து இறகு சிலிர்த்து நிற்கும்போது பாதி தாமதம் ஆகியிருக்கும்.

மாலை: முட்டை எடுங்கள், கோழியை எண்ணுங்கள், பிறகு தாழிடுங்கள். எண்ணாமல் பூட்டினால் வெளியே நின்றுவிட்ட ஒன்று காலையில் இருக்காது. தானாக மூடும் கதவு போட்டவர்களும் எண்ணத்தான் வேண்டும்.

சமையலறை மிச்சம் மொத்தத் தீனியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம், அதையும் மாலையில் கொடுங்கள். காலையில் கொடுத்தால் அதிலேயே வயிறு நிரம்பி, சத்தான தீவனத்தை ஒதுக்கும், முட்டை குறையும். பூஞ்சை பிடித்தது, உப்பு மிகுந்தது, அவகாடோ, சாக்லேட், வேகாத காய்ந்த பீன்ஸ், பச்சை படர்ந்த உருளைக்கிழங்குத் தோல் கூடவே கூடாது.

வாரம் ஒருமுறை கம்புக்கு அடியில் சேர்ந்த எச்சத்தைச் சுரண்டுங்கள், ஈரமான கூளத்தை மாற்றுங்கள். ஈரக்கூளத்தில்தான் ரத்தக்கழிச்சல் கிருமி பெருகும். எச்சத்தை மட்க வைத்தே செடிக்குப் போடுங்கள். பச்சையாகப் போட்டால் வேர் கருகும், காய்கறியில் கிருமியும் ஏறும்.

மாதம் ஒருமுறை இருட்டிய பிறகு டார்ச்சுடன் போய், வெள்ளைத் துணியால் கம்பின் அடிப்பக்கத்தையும் மூட்டுகளையும் துடைத்துப் பாருங்கள். சிவப்புக் கறை வந்தால் சிவப்புச்செள். பகலில் இடுக்கில் ஒளிந்து இரவில் ரத்தம் குடிக்கும், அதனால் பகலில் கோழியின் உடலில் தேடினால் ஒன்றும் தெரியாது. கூண்டு முழுவதையும் காலியாக்கிக் கழுவி, இடுக்குகளுக்கு மருந்தடித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் அடிக்க வேண்டும். செள்ளின் முட்டைகள் அதற்குள் பொரிந்திருக்கும். மண்குளியலுக்கு உலர்ந்த மண் நிரப்பிய ஒரு தொட்டி வையுங்கள், பேனைக் கோழியே பாதி பார்த்துக்கொள்ளும்.

8. முட்டை

முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் கிருமியைத் தடுக்கிறது. லேசான அழுக்கை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கழுவியே ஆக வேண்டுமென்றால் முட்டையைவிடச் சற்று வெதுவெதுப்பான நீரில் கழுவி உடனே சமையுங்கள். குளிர்ந்த நீரில் உள்ளிருப்பது சுருங்கி, துளைகள் வழியே அழுக்கை இழுத்துக்கொள்ளும். நாள்தோறும் அழுக்கு முட்டை வந்தால் பெட்டியின் உயரத்தையும் கூளத்தையும் பாருங்கள்.

முட்டை திடீரென நின்றால் பதறுமுன் இவற்றைப் பாருங்கள்: பகல் வெளிச்சம் 14 மணி நேரத்துக்குக் குறைந்துவிட்டதா, இறகு உதிர்கிறதா, ஒரு நாள் தண்ணீர் தீர்ந்துபோனதா, வேறெங்காவது புதரில் இடுகிறதா. இறகு உதிர்ப்பு ஆண்டுக்கொரு முறை வரும், இரண்டு மூன்று மாதம் முட்டை இருக்காது. அது நோயல்ல.

பெட்டியை விட்டு எழாமல், கை வைத்தால் சிலிர்த்துச் சீறினால் அடைக்கு உட்கார்ந்துவிட்டது. சேவல் இல்லாத இடத்தில் அது வீண் தவம். வலைத்தரை உள்ள தனிக்கூண்டில், கூளமில்லாமல், தீவனமும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விடுங்கள். அடிவயிற்றில் காற்றுப் பட்டு அடை கலையும்.

9. உடனே மருத்துவரை அழைக்க வேண்டிய அறிகுறிகள்

எச்சத்தில் ரத்தம். வாலை ஆட்டி ஆட்டி முக்கியும் முட்டை வராமை. கழுத்தடியில் உள்ள தீனிப்பை மாலையில் நிறைந்திருப்பது இயல்பு, காலையிலும் கல்லாகவோ தண்ணீர்ப்பை போலவோ இருந்தால் அடைப்பு. கழுத்து திருகுதல், கால் இழுத்தல். ஒரே நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட கோழி சாவது. அப்படிச் செத்ததை வெறுங்கையால் தொடாமல் கால்நடைத்துறைக்குத் தெரிவியுங்கள்.

எந்த மருந்து கொடுத்தாலும் எத்தனை நாள் முட்டை சாப்பிடக் கூடாது என்று கேட்டு எழுதி வையுங்கள். பக்கத்து வீட்டில் மீந்த மருந்தை அளவு தெரியாமல் தண்ணீரில் கலப்பதுதான் இதில் மிகச் சாதாரணமான தவறு.

10. விட்டுப்போகும்போதும், புதிது சேர்க்கும்போதும்

பயணத்துக்கு முன் மாற்று ஆளை இரண்டு நாள் தனியாகச் செய்யவிட்டு, நீங்கள் வீட்டுக்குள்ளேயே இருங்கள். எது அவருக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் வெளிவரும். வேலைகளை ஒரு தாளில் எழுதிக் கூண்டுக் கதவிலேயே ஒட்டுங்கள்: தீவன அளவு, கோழி எண்ணிக்கை, தாழ்ப்பாள் மாட்டும் முறை, மருத்துவர் எண்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டில் புதுக்கோழி சேர்க்கத் தோன்றும். ஒன்றை மட்டும் சேர்க்காமல் இரண்டாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், தனியாக வருவதைப் பழையவை விரட்டி விரட்டிக் கொத்தும். முதலில் முடிந்த அளவு தள்ளி நான்கு வாரம் தனிக்கூண்டில் வைத்து, பழையவற்றைப் பார்த்து முடித்த பிறகே புதியவற்றிடம் போங்கள், செருப்பையும் மாற்றுங்கள். நோயில்லை என்று தெரிந்தபின் ஒரு வாரம் நடுவே வலை மட்டும் வைத்துப் பக்கம் பக்கமாக விடுங்கள். பிறகு ஒரு மாலையில் வலையை எடுத்துவிட்டு, தீவனத்தை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒரே கலன் என்றால் மூத்தது அதன் முன் நின்றுகொண்டு யாரையும் அண்டவிடாது.